ரப்பர் உடம்பும் முதுகுவலியும்

சில பிள்ளைகள் கட்டைவிரலைப் பின்னால் மடக்கி முன்கையோடு ஒட்டவைப்பார்கள். முழங்காலை மடக்காமலே குனிந்து உள்ளங்கையைத் தரையில் பதிப்பார்கள். பார்க்கிற நாம் என்ன சொல்கிறோம்? "அடேயப்பா, ரப்பர் உடம்பு! யோகா கிளாஸில் சேர்த்துவிடுங்க, மெடல் வாங்குவான்." பிள்ளைக்கு ஆட்டிசம் இருந்தால் இன்னும் ஒருபடி மேலே போய், "ஆண்டவன் ஒன்றை எடுத்தால் இன்னொன்றைக் கொடுப்பான்" என்று ஆறுதல் வேறு.

எனக்கு இதில் உடன்பாடில்லை. எலும்புகளை மூட்டில் இழுத்துப் பிடித்திருப்பவை நார்கள். அவை தளர்வாக இருந்தால் மூட்டு அளவுக்கு மீறி வளையும். நார்கள் பார்க்கவேண்டிய வேலையையும் தசைகளே சேர்த்துப் பார்க்கவேண்டும். தினமும் ஓவர்டைம்! வளைகிற எல்லோருக்கும் வலி வருவதில்லை. வருகிறவர்களுக்கோ முதுகு, இடுப்பு, முழங்கால் என்று அன்றாடத் தொல்லை.

இதற்கும் ஆட்டிசத்துக்கும் என்ன சம்பந்தம்? பிரிட்டனில் ஜெசிகா எக்கிள்ஸ் என்ற மருத்துவரின் குழு 2022-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. ஆட்டிசம், ஏடிஹெச்டி, டூரெட் ஆகியவை உள்ள 109 பெரியவர்களைப் பரிசோதித்தார்கள். அவர்களில் 51 சதவீதம் பேருக்கு மூட்டுத் தளர்வு இருந்தது. பொதுமக்களில் இது சுமார் 20 சதவீதம்தான். உடல்வலியும் அவர்களுக்கு அதிகமாக இருந்தது.

நம் ஊர் நிலைமை என்ன? ஆட்டிசத்தின் அளவை மதிப்பிட நம் நாட்டில் உருவாக்கிய ஐ.எஸ்.ஏ.ஏ. என்ற அளவுகோலில் 40 அம்சங்கள் உண்டு. அதில் ஒன்று, வலியை உணராமல் இருக்கிறாரா என்பது. மூட்டு தளர்வா, முதுகு வலிக்கிறதா என்று கேட்க ஓர் அம்சமும் இல்லை. அதன் நோக்கம் வேறு, எனவே அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் "இவங்களுக்கு வலியே தெரியாது" என்ற நம்பிக்கை மட்டும் வீட்டிலும் பள்ளியிலும் தங்கிவிட்டது. வலியைச் சொல்லத் தெரியாததும் வலிக்காததும் ஒன்றா?

என் சித்தி மகனுக்கு 14 வயது. அதிகம் பேசமாட்டான். மத்தியானத்துக்கு மேல் பெஞ்சில் உட்காராமல் தரையில் படுத்துவிடுவான். பள்ளியில் "அடம்" என்று டைரியில் எழுதி அனுப்பினார்கள். ஒரு வருடம் இப்படியே போனது. பிறகு ஒரு பிசியோதெரபிஸ்ட் அக்கா அவன் முழங்கையையும் முதுகையும் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. இப்போது பாதம் தரையில் படுகிற நாற்காலி, அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நடக்க அனுமதி, தினம் 15 நிமிடம் தசைக்கு வலு சேர்க்கும் பயிற்சி. "அடம்" பெருமளவு போய்விட்டது!

"ஏற்கெனவே பேச்சுப் பயிற்சி, அந்தத் தெரபி, இந்தத் தெரபி என்று பணம் கரைகிறது. இது வேறா?" என்று பெற்றோர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் மூட்டுத் தளர்வைப் பார்க்கும் பெய்ட்டன் சோதனைக்கு ஸ்கேன் வேண்டாம். சுண்டுவிரல், கட்டைவிரல், முழங்கை, முழங்கால் இவற்றுக்கு இரண்டு பக்கமும் தலா ஒரு மதிப்பெண், முழங்காலை மடக்காமல் குனிந்து உள்ளங்கையைத் தரையில் பதித்தால் ஒன்று. மொத்தம் 9. சில நிமிட வேலை. பேசாத பிள்ளையிடம் ஒரு மனித உருவப் படத்தைக் கொடுத்து வலிக்கிற இடத்தைத் தொடச் சொல்லலாம்.

தளர்வு இருக்கிறது என்று தெரிந்தால், தயவுசெய்து இன்னும் வளைக்காதீர்கள். அந்தப் பிள்ளைக்கு வேண்டியது வலு.

நான் பி.காம். மாணவன், மருத்துவம் படிக்கவில்லை. ஆனால் எங்கள் பாடத்தில் முதல் வருடமே சொல்லித்தருவார்கள்: கொடுபடாமல் நிற்கிற செலவையும் கணக்கில் ஏற்றவேண்டும், இல்லாவிட்டால் லாபம் மாதிரி தெரிவதெல்லாம் பொய். "சமத்தாக உட்கார்ந்திருக்கிறான்" என்று நாம் எழுதிக்கொள்கிற கணக்கில், அவன் முதுகு கொடுக்கிற விலையையும் யாராவது சேர்த்தால் தேவலை.