பிளான் முடியும் முன்பே அஸ்திவாரமா?

ஆஸ்திரேலியாவில் உள்ள சிட்னி நகரில் புகழ்பெற்ற இசை அரங்கம் ஒன்று இருக்கிறது. கப்பல் பாய்களை விரித்து வைத்தது போன்ற கூரை! 1959-ல் வேலை தொடங்கியது. 4 ஆண்டில் முடியும், 70 லட்சம் டாலர் போதும் என்றார்கள். முடிந்ததோ 1973-ல். செலவு 10 கோடியே 20 லட்சம் டாலர்!

ஏன் இப்படி? கூரையை எப்படிக் கட்டுவது என்ற கணக்கே முடியவில்லை. அதற்குள் மாநில அரசு அவசரப்பட்டு அஸ்திவாரம் போட்டது. பிறகு பார்த்தால், எழுப்பிய தூண்கள் கூரையைத் தாங்காது! அவற்றை மாற்றிக் கட்டினார்கள். (வீடு கட்டியவர்களுக்கு இந்த வேதனை தெரியும்.)

பழி யார் தலையில்? பிளான் போட்ட உட்சன் தலையில்! அவசரப்படுத்தியவர்கள் அல்லவா பதில் சொல்ல வேண்டும்? 1966-ல் அவர் மனம் நொந்து விலகினார். சொந்த நாடான டென்மார்க்குக்குத் திரும்பினார். கட்டி முடித்த அரங்கத்தை, 2008-ல் இறக்கும் வரை அவர் நேரில் பார்க்கவே இல்லை.