ஊரார் பிள்ளையும் ஆழமும்

ஊரார் பிள்ளையை விட்டு ஆழம் பார்க்கிறான் என்று நம்மவர் ஏசுவதுண்டு. மட்டக்களப்பு வாவியை அடுத்து வாழ்வோருக்கு இவ்வசையின் பொருள் சற்றுக் கூடுதலாகவே விளங்கும். சிறுவரிடத்துச் செய்யப்படும் மருத்துவ ஆராய்ச்சி பற்றிப் பேச்செடுத்தால், ஆசிரியர் அறையாயினும் சந்தை வாசலாயினும், முதலில் வந்து விழுவது இந்த வசைதான். "எங்கள் பிள்ளைகள் என்ன எலிகளா?" என்பது அடுத்தது. இதே மனிதர், டெங்கு பரவும் மாரிகாலத்திலே, விஞ்ஞானம் இத்துணை வளர்ந்தும் இந்நோய்க்கு ஓர் ஊசி இல்லையா என்று அங்கலாய்ப்பதையும் கேட்டிருக்கிறேன். இவ்விரண்டு பேச்சுக்கும் நடுவே யாரோ ஒருவருடைய பிள்ளை நிற்கின்றது.

அப்பிள்ளை இந்நாட்டுப் பிள்ளையாகவும் இருந்ததுண்டு. ஜப்பானியக் கம்பனியொன்றின் டெங்குத் தடுப்பூசியை ஆராய்வதற்காக 2016 முதல் எட்டு நாடுகளிலே 4 முதல் 16 வயது வரையுள்ள ஏறத்தாழ 20,000 சிறுவர் சேர்க்கப்பட்டனர். இலங்கை அவ்வெட்டில் ஒன்று. மூவரில் இருவருக்கு உண்மை ஊசி; ஒருவருக்கு மருந்தற்ற போலி ஊசி. அடுத்த ஆண்டு, 2017இல், இலங்கையில் 186,101 பேர் டெங்கு நோயாளராகப் பதிவாயினர். 400க்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆராய்ச்சியின் முதல் முடிவு 2019இல் வெளியானபோது தடுப்பாற்றல் 80 வீதம் எனப்பட்டது. நாலரை ஆண்டு கழிந்து நோக்குமிடத்து அது 61 வீதமாகத் தாழ்ந்திருந்தது. வைத்தியசாலையில் அனுமதிக்கப்படும் நிலையைத் தடுக்கும் ஆற்றல் 84 வீதமாக இருந்தது. முன்னர் டெங்கு கண்டிராத பிள்ளைகளுக்கு, நால்வகை டெங்குக் கிருமிகளுள் மூன்றாம் வகையிலிருந்து காப்புக் கிடைத்ததாகக் காணப்படவில்லை. நான் அறிந்த ஆசிரியர் பலரிடம் இதைக் கூறினேன். ஒருவரேனும் கேள்விப்பட்டிருக்கவில்லை. எலிகளா என்று சீறுவோர், நம் நாட்டுப் பிள்ளைகள் எதற்குக் கை நீட்டினர் என்பதை அறியாதிருப்பது எனக்கு விந்தையாகவே இருக்கின்றது.

ஆராய்ச்சி வேண்டாம் என்று விலகிவிட்டால் ஆபத்தும் விலகிவிடும் என்பது ஒரு மயக்கம். வளர்ந்தோருக்கென ஆராயப்பட்ட குளிசையை நாலாக உடைத்து, கால் பங்கைத் தேனிலே கரைத்துக் குழந்தைக்குப் புகட்டாத வீடு நம்மிடையே உண்டா? குளோரம்பெனிக்கோல் என்னும் மருந்தை நிறைக்கேற்ற அளவில் பச்சிளங் குழந்தைகளுக்குக் கொடுத்து வந்தனர். அதைக் கழித்துவிடும் வல்லமை அவர்தம் ஈரலுக்கு இன்னும் வாய்க்கவில்லை. குழந்தைகள் உடல் சாம்பல் நிறமாகி இறந்தபின், 1959இல் அமெரிக்க வைத்தியர்கள் காரணத்தைக் கண்டு எழுதினர். அதற்கு முன் நடந்ததும் சோதனைதானே! குறிப்பேடும் கண்காணிப்பும் மட்டுமே அதற்கு இல்லை.

ஆயினும், மக்களின் ஐயத்தை அறியாமையென்று தள்ளிவிடும் படித்தோரோடு எனக்கு உடன்பாடில்லை. அந்நாளைய ஆந்திரப் பிரதேசத்தின் கம்மம் மாவட்டத்தில் 2009இல் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்த் தடுப்பூசி சிறுமியருக்கு இடப்பட்டது. சில சிறுமியர் இறக்கவே, 2010 ஏப்பிரலில் அத்திட்டம் நிறுத்தப்பட்டது. அம்மரணங்களுக்கும் ஊசிக்கும் தொடர்பில்லையென்றே விசாரணைக் குழு கண்டது. ஆனால் 2013இல் வெளிவந்த இந்திய நாடாளுமன்றக் குழுவின் அறிக்கை வேறொன்றைச் சொல்லிற்று. பார்வையிடப்பட்ட 9,543 சம்மதப் பத்திரங்களில் 2,763இல் கையொப்பமிட்டிருந்தவர்கள் விடுதிக் காப்பாளர்கள். 1,948இல் இருந்தவை பெருவிரல் அடையாளங்கள். ஊசி குற்றமற்றதாக இருக்கலாம். பெற்றோரிடம் கேளாதது குற்றமே. இலங்கைப் பாடசாலைகளில் 2017 முதல் ஆறாந்தரச் சிறுமியருக்கு இடப்படுவதும் அந்நோய்க்குரிய தடுப்பூசிதான். அதன் நன்மையை நான் மறுக்கவில்லை.

விடுதிக் காப்பாளரின் கையொப்பம் என்றதும் எனக்கு நம் பகுதியின் சிறுவர் இல்லங்கள் நினைவில் எழுகின்றன. போரும் 2004ஆம் ஆண்டுக் கடற்கோளும் எத்தனை பிள்ளைகளை அவ்வில்லங்களின் வாயிலிற் கொண்டுவந்து விட்டன! அவர்களுக்காகச் சம்மதம் சொல்பவர் யார்? கடற்கோளை அடுத்து ஆராய்ச்சியாளர் இத்தீவுக்குப் படையெடுத்ததையும் அதிலெழுந்த அறநெறிக் கேள்விகளையும் பற்றி அதுல சுமதிபால, சிசிர சிறிபத்தன ஆகிய இலங்கை மருத்துவ அறிஞர் 2005இலேயே லான்செட் சஞ்சிகையில் எழுதினர். அவர்களுடைய கவலையை நம் தமிழ் ஏடுகள் போதிய அளவு பேசவில்லை என்பது என் குறை.

இன்னொன்றும் உண்டு. போரால் நொந்த சிறுவருக்கு விளையாட்டாலும் உரையாடலாலும் ஆறுதலளிக்கும் பாடசாலைப் பயிற்சியொன்று வடபுலத்தில் 399 சிறுவரிடையே ஆராயப்பட்டு, முடிவு 2012இல் வெளியாயிற்று. பையன்களுக்குப் பயன் தெரிந்தது. சிறுமியரிடத்தோ, பயிற்சிக்காகக் காத்திருந்தவர்களிலும் பயிற்சி பெற்றவர்களே அதிர்ச்சியின் பின்விளைவுகளிலிருந்து குறைவாகத் தேறினர். பரிவோடு செய்யப்பட்டது, ஊசியுமில்லை, மருந்துமில்லை. ஒப்பிட்டுப் பார்த்திராவிடின், நல்லது செய்தோம் என்ற நிறைவோடு அனைவரும் வீடு திரும்பியிருப்பர்.

மறைத்த உண்மைக்கும் பிந்திச் சொன்ன உண்மைக்கும் மக்கள் வேற்றுமை பார்ப்பதில்லை. பிலிப்பைன் நாட்டில் 8 இலட்சத்துக்கு மேற்பட்ட சிறுவருக்கு வேறொரு டெங்கு ஊசியை இட்ட பின்னரே, முன்பு அந்நோய் காணாதோருக்கு அது கடுமையை மிகுவிக்கலாமென்று 2017 நவம்பரில் கம்பனி அறிவித்தது. தடுப்பூசிகள் முக்கியமென உறுதியாக நம்பியோர் 2015இல் 93 வீதம். 2018இல் 32 வீதம். அடுத்த ஆண்டு சின்னமுத்து அங்கே கொள்ளைநோயாயிற்று.

கல்லடியில் ஒரு தாயிடம் போலி ஊசி முறையை விளக்கினேன். சினங்கொள்வாரென எண்ணினேன். அவர் சற்று நேரம் சிந்தித்தார். "ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் என்று சொல்லுவார்கள், விடலாம்தான்," என்றார். பின்னர் கேட்டார்: "போலி ஊசி என் பிள்ளைக்கு வந்தால், எல்லாம் முடிந்த பிறகு நல்ல ஊசியை அவனுக்கும் போடுவார்களா? அது அந்தத் தாளில் எழுதியிருக்குமா, தமிழில்?"