கரண்ட் போனால் தண்ணீருமா?

புயல் என்றால் நம் பெரம்பலூர், அரியலூர்க்காரர்களுக்கு ஓர் அலட்சியம். "அது கடலூர், நாகப்பட்டினம் சமாச்சாரம், நமக்கு நாலு தூறல்" என்று மெழுகுவத்தி வாங்கக்கூட கடைக்குப் போக மாட்டோம். ஆனால் 2018 நவம்பர் 16 விடியற்காலையில் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறிய கஜா, புதுக்கோட்டையைத் தாண்டி திண்டுக்கல் வரை போனது. கொஞ்சம் வடக்கே திரும்பியிருந்தால் நாம்தான்.

லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் போயின. பட்டுக்கோட்டைப் பக்கம் என் சம்பந்தி வீட்டில் பதினெட்டு நாள் கரண்ட் இல்லை. பார்க்கப் போனபோது அவர் இருட்டையோ கொசுவையோ பற்றிப் பேசவில்லை. தண்ணீர், தண்ணீர் என்றுதான் புலம்பினார். ஜெனரேட்டர் கொண்டுவந்து மோட்டாரை ஓட்டி டேங்கை நிரப்ப, மணிக்கணக்கில் காசு. வெளி மாவட்டங்களிலிருந்து வந்து வயல் சேற்றில் கம்பம் சுமந்த மின்வாரியத் தொழிலாளர்களை நான் ஒரு சொல் குறை சொல்ல மாட்டேன். கரண்ட் இல்லாவிட்டால் ஒரு குடம் தண்ணீர் கிடைக்காதபடி ஊரை அமைத்து வைத்திருக்கிறோமே, அதைத்தான் சொல்கிறேன்.

எங்கள் தெருமுனையில் ஓர் அடிபம்பு இருந்தது. யுனிசெஃப் உதவியோடு 1970களில் உருவான இந்தியா மார்க் 2. 150 அடி ஆழத்திலிருந்தும் இழுக்கும். அதன் தலையைக் கழற்றி, அதே குழாயில் மோட்டாரை இறக்கி, பக்கத்தில் பிளாஸ்டிக் தொட்டி வைத்தார்கள். வசதிதான், மறுக்கவில்லை. (தோள்பட்டை வலிக்காரன் நான் மறுக்கவும் முடியாது.) ஆனால் கழற்றிய பம்பு எங்கே? பழைய இரும்புக்குப் போயிற்றா? பொதுக்கிணறோ குப்பைமேடாகிவிட்டது.

"தண்ணி 600 அடிக்குப் போயிடுச்சு, அடிபம்பு என்னத்தை இழுக்கும்?" என்பார்கள். சித்திரையில் கேட்டால் நியாயம். புயல் வருவது ஐப்பசி, கார்த்திகையில். மழை பெய்த அந்த மாதங்களில்தானே கிணற்றில் தண்ணீர் மேலே நிற்கும்? அப்படியும் எட்டாத ஊருக்கு, மேல்நிலைத் தொட்டி மோட்டாரை ஓட்ட ஒரு ஜெனரேட்டர். கல்யாண மண்டபத்துக்கு ஜெனரேட்டர் உண்டு, திருவிழா சீரியல் செட்டுக்கு உண்டு. ஊரே குடிக்கும் தண்ணீருக்குக் கிடையாதாம்!

அக்டோபர் 2 கிராம சபைக்கு நம் வயசுக்காரர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடித்துத் திரும்புகிறோம். இந்தத் தடவை உட்கார்ந்து கேளுங்கள்: நம் ஊரில் இயங்கும் அடிபம்பு எத்தனை? டேங்குக்கு ஜெனரேட்டர் எங்கே? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லிவிட்டு, அப்புறம் டீ குடியுங்கள்.