வார்னிஷ் பூசிய ஆடுபுலி

'பாரம்பரிய விளையாட்டுகளை மீட்டெடுக்கிறோம்' என்ற முழக்கம் சில ஆண்டுகளாகக் காதைத் துளைக்கிறது. மீட்பு எவ்வாறு நடக்கிறது? தேக்குப் பலகையில் ஆடுபுலிக் கட்டம் செதுக்கி, வார்னிஷ் பூசி, பித்தளைக் காய்களுடன் பெட்டியிலிட்டு, மேலே 'மூளைத்திறன் வளரும்' என்று அச்சிட்டு விற்கிறார்கள். வாங்கியவர் வரவேற்பறையில் நடராஜருக்குப் பக்கத்தில் அதை நிறுத்துகிறார். ஆடத்தான் ஆளில்லை.

தருமபுரிப் பக்கம் ஆடு மேய்ப்பவருக்கு இந்தப் பெட்டி எதற்கு? பாறையில் கரித்துண்டால் கோடு, 3 கல், 15 புளியங்கொட்டை. (புளிக்குப் பேர்போன மாவட்டத்தில் கொட்டைக்கா பஞ்சம்!) அந்தக் கோடுகளுக்குள் உறங்கும் அறிவுதான் நம் மீட்பர்கள் கண்ணில் படுவதில்லை. சதுரங்கத்தில் இரு தரப்புக்கும் ஒரே படை, ஒரே இலக்கு. இங்கோ புலி தாண்டி வெட்டும். ஆட்டால் எதையும் வெட்ட இயலாது. புலிக்கு அடுத்திருக்கும் ஆட்டின் பின்புறம் காலியாக இருந்துவிடக் கூடாது. அவ்வாறு நெருங்கி நிற்பதொன்றே ஆட்டின் ஆயுதம். பரவலாக வழங்கும் முறைப்படி 15 ஆடுகளும் இறங்கி முடியும்வரை ஓர் ஆடும் நகரக்கூடாது. முதற்கொட்டையைத் தவறாக வைத்தவர் கடைசிக் கொட்டை வரை அதைச் சுமந்தாக வேண்டும். கட்டத்தில் இருப்பவை 23 புள்ளிகள். எதுவும் வெட்டுப்படாமல் எல்லாம் இறங்கினால் எஞ்சும் காலியிடம் ஐந்தே. ஓர் ஆடு வீழ்ந்தால் ஆறு. புலிக்கு மூச்சு வருகிறது. நேபாளத்துப் 'பாக் சால்' ஆட்டத்தில் 25 புள்ளிகள், 4 புலிகள், 20 ஆடுகள். அங்கே எஞ்சுவது ஒன்று. இந்த எண்கள் தற்செயலாக அமைந்திரா. ஆடி, தோற்று, திருத்தி, மறுபடி ஆடிப் பார்த்தே நிலைத்திருக்க வேண்டும். பெயர் தெரியாத அந்த மனிதர்கள் ஆட்ட ஆசிரியர்கள் என்பதே என் துணிபு.

கவிதையை நினைவாற்றல் பயிற்சி என்று எவரேனும் பரிந்துரைத்தால் நாம் சண்டைக்குப் போவோம். ஆட்டத்தைக் கணக்குப் பாடத்தின் எடுபிடியாக்கும்போது மட்டும் தலையாட்டுகிறோம்.

தருமபுரியின் நடுகற்கள் தேடித்தேடிப் படியெடுக்கப்பட்டன. பல அந்நகரத்து அகழ்வைப்பகத்தில் நிற்கின்றன. நியாயமான பணி. அதே அக்கறை ஆட்ட விதிகளுக்கு ஏன் வாய்க்கவில்லை? தேவநேயப் பாவாணர் 1954இல் 'தமிழ்நாட்டு விளையாட்டுகள்' நூலில் பகலாட்டு, இரவாட்டு என வகுத்து, ஆடுமுறையோடு எழுதிவைத்தார். இன்றைய பெட்டிக்குள்ளோ ஒரு துண்டுத்தாள், அதில் ஒரே விதி, அதுவே 'அசல்'. எத்தனை ஆடு வெட்டுப்பட்டால் புலிக்கு வெற்றி என்பதே ஊருக்கு ஊர் மாறும் ஆட்டத்தில் அசல் எது?

ஆட்டத்துக்கும் ஆசிரியர் உண்டு என்பதற்காக ஜெர்மனியில் ஒரு வழக்காடலே நடந்தது. 1988இல் நியூரம்பெர்க் பொம்மைக் கண்காட்சியின்போது ஆட்ட ஆசிரியர்கள் சிலர், பெட்டியில் தம் பெயர் அச்சிடாத நிறுவனத்துக்கு ஆட்டம் தருவதில்லை என்று பீர்க்குவளையின் அடியட்டையில் எழுதிக் கையொப்பமிட்டனர். நம் ஆசிரியர்களின் பெயர் மறைந்துவிட்டது. ஊரின் பெயர் மறையவில்லையே. அரூரில் கேட்ட விதியென்றால் அரூர் என்றும், பென்னாகரத்தில் கேட்டதென்றால் பென்னாகரம் என்றும் அச்சிடுவதில் என்ன நட்டம்? நான்காவது புலியைச் சேர்த்து ஆடிப் பார்க்கும் சிறுமியை மரபைக் கெடுக்காதே என்று அதட்டாமலிருக்கவும் செலவில்லை. மீட்பர்கள் முதலில் ஒரு குறிப்பேட்டுடன் அந்தப் பாறைகளுக்குப் போகட்டும். அங்குள்ள முதியவர்களிடம் நாலு ஆட்டமாவது தோற்றுவிட்டு வந்து, பிறகு பலகை செய்யட்டும்.