எஞ்சின் இல்லாத 750 மைல்

அமெரிக்காவின் போர்ட் டவுன்செண்டிலிருந்து அலாஸ்காவின் கெட்சிகன் வரை 750 மைல். ‘ரேஸ் டு அலாஸ்கா’ படகுப் போட்டியில் எஞ்சின் கூடாது. வழித்துணைப் படகும் கிடையாது. 2015-இல் தொடங்கிய இதை உயிரோடு விளையாடும் வீம்பு என்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. யாரும் கூட வரமாட்டார்கள் என்று தெரிந்தவர்தான் கிளம்புமுன் ஒவ்வொரு கயிற்றையும் இழுத்துப் பார்ப்பார். தீவுகளுக்கு இடையே செல்லும் உள்வழியில் வரும் சீமோர் நீரிணையில் ஓத நீரோட்டம் 15 நாட் வேகம் வரை பாயும். துடுப்பைப் போட்டு அதை எதிர்க்க முடியாது. ஓத அட்டவணையைப் பார்த்து, ஓட்டம் தணியும் அந்தச் சிறு இடைவெளிக்காகக் கரையோரம் காத்துக் கிடக்க வேண்டும். வீம்புக்காரருக்கு அந்தப் பொறுமை வராது.

சிக்கிக்கொண்டால் கடலோரக் காவல்படைதானே ஓட வேண்டும், அவர்கள் உயிருக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி நியாயமானது. 2022-இல் முதல் கட்டத்திலேயே படகுகள் கவிழ்ந்து, மீட்புப் படையினர் வரவேண்டியிருந்தது. ஆனால் கனடாவின் விக்டோரியா வரையிலான அந்த 40 மைல் கட்டத்தை வைத்திருப்பதே, தாங்காதவர்களை உதவி எட்டும் தூரத்திலேயே வடிகட்டத்தான். ஆகவே போட்டியை நிறுத்தச் சொல்வதில் அர்த்தமில்லை. காற்று மிஞ்சும் நாளில் புறப்பாட்டைத் தள்ளிவைக்க அமைப்பாளர்கள் தயங்கக் கூடாது. கேட்க வேண்டியது அதைத்தான்.