கேபிளுக்கு வழியுரிமை உண்டு, காலனிக்கு?

2016 நவம்பரில் ஒன்றிய அரசு ஒரு விதித்தொகுப்பை வெளியிட்டது. இந்தியத் தந்தி வழியுரிமை விதிகள் என்று பெயர். தொலைத்தொடர்பு நிறுவனம் ஒன்று பூமிக்கடியில் கேபிள் பதிக்க விண்ணப்பித்தால், நிர்வாகச் செலவு என்ற பெயரில் கிலோமீட்டருக்கு 1,000 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது. தோண்டிய இடத்தைச் சரிசெய்யும் செலவு மட்டும் தனி. 60 நாளுக்குள் பதில் வராவிட்டால் அனுமதி கிடைத்துவிட்டதாகவே பொருள். 2022இல் அதைத் திருத்தி, தெருக்கம்பங்களைப் பயன்படுத்தவும் இவ்வளவுதான் வாங்கலாம் என்று உச்சவரம்பு வைத்தார்கள். 2025 ஜனவரி முதல் புதிய வழியுரிமை விதிகள் நடைமுறையில் உள்ளன.

முதல் விதிகள் வந்து மூன்றாண்டு கூட ஆகாத 2019 ஆகஸ்டில், வாணியம்பாடியை அடுத்த நாராயணபுரத்தில் இறந்துபோன ஒரு தலித்தின் உடலைப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். கீழே ஆற்றங்கரையில் சுடுகாடு. அதற்குப் போகும் பாதை சாதி இந்துக்களின் நிலத்தை ஒட்டிப் போகிறது, அவ்வளவுதான் காரணம். அந்தக் காணொளியைத் தோழர்கள் பலரும் பார்த்திருப்பீர்கள். பிணம் போக வழி கேட்டவர்களுக்கு 60 நாள் கெடுவும் இல்லை, பதில் வராவிட்டால் அனுமதி என்ற சலுகையும் இல்லை.

இரண்டையும் முடிச்சுப் போடுவது மிகை என்று சிலர் சொல்வார்கள். நான் சில ஆண்டுகளாக முனைவர் பட்ட ஆய்வுக்காக வட மாவட்ட கிராமங்களில் இணையம் எப்படிப் போகிறது, எங்கே நிற்கிறது என்று பார்த்து வருகிறேன். கேபிளுக்கு ஊருக்குள் நுழைய எந்தத் தடையும் இல்லை. ஊரைத் தாண்டிக் காலனிக்குப் போகும்போதுதான் அதற்கும் கால் வலிக்கிறது.

முதலில் திட்டத்தைப் பார்ப்போம். 2011 அக்டோபரில் ஒன்றிய அமைச்சரவை தேசியக் கண்ணாடி இழை வலையமைப்புக்கு ஒப்புதல் தந்தது. நாட்டின் சுமார் 2.5 லட்சம் ஊராட்சிகளுக்கும் இரண்டே ஆண்டில் அதிவேக இணையம், செலவு சுமார் 20,000 கோடி ரூபாய் என்றார்கள். 2015இல் பாரத்நெட் என்று பெயர் மாறியது. 2017இல் மொத்த மதிப்பீடு 42,000 கோடியைத் தாண்டியது. 2023 ஆகஸ்டில் மேலும் 1,39,579 கோடிக்குத் திருத்திய திட்டம் வந்தது. கெடு தள்ளிப்போகப் போக, தொகை மட்டும் சொன்ன நேரத்துக்கு ஏறிக்கொண்டே வந்தது.

இது யார் பணம்? தொலைபேசி நிறுவனங்கள் தங்கள் சரிக்கட்டிய மொத்த வருவாயில் 5 விழுக்காட்டை உலகளாவிய சேவைக் கடமை நிதிக்குச் செலுத்த வேண்டும். இப்போது அதன் பெயர் டிஜிட்டல் பாரத் நிதி. நிறுவனம் செலுத்துகிறது என்றால் நாம் செலுத்துகிறோம் என்றே பொருள். காலனியில் ஒரு பெண் 299 ரூபாய்க்கு ரீசார்ஜ் செய்யும்போது அதிலிருந்தும் ஒரு பங்கு அந்த நிதிக்குப் போகிறது. நூறு நாள் வேலைக் கூலியில் கட்டிய ரீசார்ஜ் அது. அந்தப் பணத்தில் வாங்கிய கேபிள் அவர் வீட்டுக்கு வரவில்லை என்றால் அதற்கு வேறு பெயர் இருக்கிறது. தீண்டாமைச் சுவருக்கு வரி கட்டுவது.

தமிழ்நாட்டுக்கு வருவோம். இங்கே பாரத்நெட்டின் இரண்டாம் கட்டத்தை மாநில அரசின் டான்ஃபிநெட் நிறுவனம் நடத்துகிறது. 12,525 ஊராட்சிகள், 1,815 கோடி ரூபாய். கேபிளில் 85 விழுக்காடு மின்கம்பங்கள் மீதும் 15 விழுக்காடு தரைக்கடியிலும் போகும் என்று மாவட்ட ஆட்சியர்களின் செய்திக்குறிப்புகளே சொல்கின்றன. பாரத்நெட்டுக்காக வழியுரிமைக் கட்டணம் எதுவும் வாங்க மாட்டோம் என்று மாநிலங்கள் முத்தரப்பு ஒப்பந்தமே போட்டிருக்கின்றன. கம்பம், சாலை ஓரம், ஊராட்சிக் கட்டடத்தில் ஓர் அறை, அந்த அறைக்கு மின்சாரம் எல்லாம் பொதுமக்களுடையவை. ஒரு பொதுத்திட்டத்துக்கு அவற்றை இலவசமாகக் கொடுப்பதில் எனக்கு மறுப்பு இல்லை, கொடுக்கத்தான் வேண்டும். கொடுத்ததற்கு ஈடாக நாம் என்ன கேட்டோம் என்பதுதான் கேள்வி.

12,525 என்ற எண்ணைக் கவனியுங்கள். அது ஊராட்சிகளின் எண்ணிக்கை. அந்த ஊராட்சிகளுக்குள் 79,000க்கும் மேற்பட்ட குக்கிராமங்கள் இருக்கின்றன. சராசரியாக ஓர் ஊராட்சிக்கு ஆறுக்கும் மேல். ஊராட்சி அலுவலகத்தில் ரேக், யுபிஎஸ், ரூட்டர் வைத்துப் பச்சை விளக்கு எரிந்துவிட்டால் அந்த ஊராட்சி 'இணைக்கப்பட்டது' என்று கணக்கில் ஏறிவிடும். மீதி ஐந்து குக்கிராமங்களுக்கும் சேர்த்து அந்த ஒரு விளக்குத்தான்.

அலுவலகம் எங்கே இருக்கிறது என்று நம் கிராமங்களை அறிந்தவர்களிடம் கேட்க வேண்டியதில்லை. நான் போய்ப் பார்த்த ஊராட்சிகளில் பெரும்பாலும் அது ஊர்த்தெருவில், கோயிலையோ பெரிய வீடுகளையோ ஒட்டி இருந்தது. கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலித் பெண் தலைவரைத் தரையில் உட்கார வைத்தது 2020இல். தலைவருக்கே நாற்காலி கிடைக்காத இடத்தில், 'பொது இடத்தில்தானே வைத்திருக்கிறோம், யார் வேண்டுமானாலும் வந்து பயன்படுத்தலாமே' என்று ஓர் அதிகாரி சொல்வதற்கு நிறையத் துணிச்சல் வேண்டும். என்னிடம் ஒருவர் சொன்னார். 2025 ஜனவரியில் பெரும்பாலான மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலமும் முடிந்து பொறுப்பு தனி அலுவலர்களிடம் போய்விட்டது. அதன்பின் நான் போன இரண்டு ஊராட்சிகளில் ரேக் இருந்த அறையின் சாவி யாரிடம் இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே அரை நாள் ஆனது.

இந்தக் கதை நமக்குப் புதிதல்ல. 1923இல் பம்பாய் சட்டமன்றம் பொதுக் குளங்களும் கிணறுகளும் தீண்டப்படாதோருக்கும் திறந்தவை என்று தீர்மானம் போட்டது. அடுத்த ஆண்டே மகத் நகராட்சியும் சவுதார் குளத்தைத் திறந்துவிட்டதாக முடிவெடுத்தது. தாளில் குளம் 'இணைக்கப்பட்டது'. 1927 மார்ச்சில் பாபாசாகேப் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோரோடு நடந்துபோய்க் கையில் அள்ளும்வரை அந்தத் தண்ணீரை ஒரு தலித்தும் தொடவில்லை. தொட்டதற்கு அடி விழுந்தது. வழக்கு முடிய 1937 ஆனது.

இனி காலனிக்குப் போகும் கடைசி சில நூறு மீட்டர். அந்தத் தூரத்தை அரசு தன் கையில் வைத்துக்கொள்ளவில்லை. ஒன்றிய அளவில் பாரத்நெட் உத்யமி என்று பெயர். உள்ளூர் தொழில்முனைவோர் வீட்டு இணைப்பு கொடுப்பார், வருமானத்தில் பாதி அவருக்கு. இங்கேயும் வீட்டு இணைப்புக்குத் தொழில் பங்குதாரர்களைத் தேடுகிறார்கள். முதல் போடவும் கம்பத்தில் ஆள் ஏற்றவும் பெட்டி வைக்க இடம் கொடுக்கவும் கிராமத்தில் யாரால் முடியும்? ஏற்கெனவே கேபிள் டிவி நடத்துபவரால் முடியும். நான் சந்தித்தவர்களில் ஒருவர்கூடக் காலனிக்காரர் இல்லை.

அவர்களில் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். நல்லபடியாகப் பேசுகிறவர், டீ வாங்கிக் கொடுத்தார். ஊர்க் கடைசியில் இருக்கும் பெட்டியிலிருந்து காலனி முதல் வீடு நான் எண்ணிப் பார்த்ததில் ஏழு மின்கம்பம் தள்ளி. "அந்தப் பக்கம் இழுத்தா கட்டுப்படி ஆகாதுங்க சார். ஒயர் செலவு ஒரு பக்கம். அவங்ககிட்ட மாசா மாசம் வசூல் பண்ண முடியுங்களா?" என்றார். இணைப்புக் கட்டணம் ஊருக்குள் 1,500. காலனியில் யாராவது விடாமல் கேட்டால் 3,500, அதுவும் முன்பணமாக. ஏன் என்றால் தூரம் என்கிறார். அதே ஊரில் ஏரிக்கரைப் பக்கம் தோட்டத்து வீடு ஒன்று அதைவிடத் தள்ளி இருக்கிறது. அங்கே 1,500தான் வாங்கியிருக்கிறார்.

வசூல் ஆகாது என்ற கணக்கைக் காலனியிலேயே சரிபார்த்தேன். நான் உட்கார்ந்திருந்த வீட்டில் மூன்று செல்போன். 2024 ஜூலையில் தனியார் நிறுவனங்கள் மூன்றும் கட்டணத்தை ஏற்றியபின் ஆளுக்கு 299, 28 நாளுக்கு. மூன்றுக்கும் சேர்த்து 897 ரூபாய். வீட்டு ஃபைபர் இணைப்பு 399 ரூபாய்த் திட்டம் என்றால் வரியோடு 471. "நாங்க காசு கட்ட மாட்டோம்னு யாருப்பா சொன்னது? கட்டலன்னா போன்காரன் அன்னிக்கே நிறுத்திடுறான். கட்டிட்டுத்தான இருக்கோம்" என்றார் அந்த வீட்டு அம்மா. ஏழை, பணக்காரரைவிட இரண்டு மடங்கு விலை கொடுத்துக் குறைவான இணையம் வாங்குகிறார். அதற்கு அந்தத் தொழில்முனைவர் சொல்லும் காரணம் 'அவங்க கட்ட மாட்டாங்க'. இது வணிகக் கணக்கு இல்லை. கணக்குப் போட்டிருந்தால் காலனிதான் முதல் வாடிக்கை.

இணையம் என்ன சோறா தண்ணீரா என்று கேட்பவர்கள் உண்டு. சோற்றுக்கான வழியையே இணையத்துக்குள் கொண்டுபோய் வைத்தது அரசுதான். 2023 ஜனவரி முதல் நூறு நாள் வேலையில் ஒரு நாளைக்கு இரண்டு முறை செயலியில் படம் எடுத்து வருகைப் பதிவு. படம் ஏறாவிட்டால் கூலி சந்தேகம். கல்வி உதவித்தொகை, கலந்தாய்வு, சாதிச் சான்றிதழ், தேர்வாணைய விண்ணப்பம், ஒன்றும் பாக்கியில்லை. 2017-18 தேசிய மாதிரி ஆய்வில் இந்தியக் கிராம வீடுகளில் இணைய வசதி இருந்தது 14.9 விழுக்காடு, கணினி 4.4 விழுக்காடு. இந்த நிலையில்தான் 2020இல் பள்ளிக்கூடத்தையே செல்போனுக்குள் போட்டார்கள்.

நம் தரப்பிலேயே ஒரு குரல் கேட்கிறது. தொழில்நுட்பம் சாதி பார்க்காது, வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று. ரயில் வந்தால் சாதியின் பரம்பரைத் தொழில் பிரிவினை கரையும் என்று 1853இல் மார்க்ஸே எழுதினார். ரயிலும் வந்தது, ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலையில் பிராமணருக்குத் தனி இடமும் வந்தது. அது 1941இல் ஒழிந்ததற்குக் காரணம் நீராவி இயந்திரம் இல்லை, பெரியார்.

சரி, காலனிவரை கேபிள் இழுக்க உண்மையிலேயே அவ்வளவு செலவா? கேபிளைத் தாங்கக் கம்பம் வேண்டும், கம்பம்தான் செலவில் பெரும்பங்கு. அந்தக் கம்பம் அங்கே ஏற்கெனவே நிற்கிறது. குடிசைக்கு ஒரு விளக்கு என்று இந்த மாநிலம் திட்டம் போட்டபோது மின்வாரியம் கட்டுப்படி ஆகுமா என்று கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. கட்டணமே இல்லாத இணைப்புக்காகக் கம்பம் நட்டது. நம் முன்னோர் போராடி வாங்கிய அந்தக் கம்பம் இப்போது இணையத்துக்காகச் சும்மா காத்திருக்கிறது. ஏழு கம்பத்துக்கு ஒயர் கட்டுவதுதான் பாக்கி. இதற்கு வேண்டியது அரசாணை.

கேரளத்தில் கே-ஃபான் 2023 ஜூன் 5 அன்று தொடங்கியபோது மாநில மின்வாரியக் கம்பங்களைத்தான் பயன்படுத்தினார்கள். பொருளாதாரத்தில் பின்தங்கிய 20 லட்சம் வீடுகளுக்கு இலவசம் என்று இலக்கு, முதல் கட்டமாகச் சட்டமன்றத் தொகுதிக்கு 100 வீடு என 14,000. இலக்குக்கும் நடப்புக்கும் அங்கேயும் பெரிய இடைவெளி உண்டு, அதைக் கொண்டாட நான் வரவில்லை. ஆனால் அங்கே கணக்கு வீட்டிலிருந்து தொடங்கியது. இங்கே அலுவலகத்தோடு முடிகிறது.

சமூகநீதி பேசும் அரசிடம் இதைக் கேட்பதில் நமக்குத் தயக்கம் தேவையில்லை. 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவோம் என்று 2025 ஏப்ரலில் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறோம். சொல் போகட்டும், கூடவே அந்த ஏழு கம்பத் தூரமும் போகட்டும். 2024இல் ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல் திட்டத்துக்கென்று தனிச் சட்டமே இயற்றியிருக்கிறார்கள். மக்கள் தொகையில் 20 விழுக்காடாக இருக்கும் எங்களுக்கான அந்த நிதியிலிருந்து கடைசித் தூர ஒயருக்கு ஒதுக்கச் சட்டத்தில் எந்தத் தடையும் இருப்பதாகத் தெரியவில்லை. மின்கம்பத்தை எந்த நிறுவனத்துக்குக் கொடுத்தாலும், ஊராட்சியின் முதல் பெட்டி சேரியில் வைக்கப்பட வேண்டும், இணைப்புக் கட்டணம் ஊராட்சி முழுவதற்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற இரண்டு வரியை ஒப்பந்தத்தில் சேர்க்கட்டும். வீட்டு இணைப்பு உரிமத்தில் பட்டியல் சாதி, பழங்குடி இளைஞர்களுக்கு ஒதுக்கீடு வேண்டும், முதலுக்குக் கடனும் வேண்டும். பெட்ரோல் பங்க் ஒதுக்கும்போது இட ஒதுக்கீடு செல்லும் என்றால் ஃபைபருக்கு ஏன் செல்லாது?

ஒரு மாவட்டத்தில் எந்தெந்தக் குக்கிராமங்களுக்கு வீட்டு இணைப்பு போயிருக்கிறது, அவற்றில் ஆதிதிராவிடர் குடியிருப்புகள் எத்தனை என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டேன். குடியிருப்பு வாரியாக விவரம் பராமரிக்கப்படவில்லை என்று ஒரு வரியில் பதில் வந்தது. மேல்முறையீடு போட்டிருக்கிறேன். அதற்குள் தோழர்கள் உங்கள் ஊரில் ஒரு வேலை செய்யலாம். அடுத்த கிராம சபையில் எழுந்து, ஊராட்சி அலுவலக ரேக் வேலை செய்கிறதா, பெட்டிகள் எந்தெந்தத் தெருவில் இருக்கின்றன, சேரிக்கு இணைப்புக் கட்டணம் எவ்வளவு என்று மூன்றையும் கேளுங்கள். பதிலை வாயால் வாங்காதீர்கள், தீர்மானப் பதிவேட்டில் எழுதச் சொல்லி, எழுதியபின் நகல் வாங்குங்கள்.