பாதியில் நிற்கும் இரும்பே பலி வாங்குகிறது

அண்மை ஆண்டுகளில் நாட்டை உலுக்கிய மூன்று இரும்புக் கட்டுமான விபத்துகளுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. மூன்றுமே வேலை முடியாத நிலையில் நடந்தவை. மூன்றிலும் மாண்டவர்களில் பெரும்பாலோர் பிற மாநிலங்களிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளர்கள்.

2023 ஜூலை 31-ந் தேதி இரவு, தானே மாவட்டம் சகாப்பூர் அருகே சம்ருத்தி விரைவுச் சாலைப் பாலத்தில் கர்டர் ஏற்றும் ராட்சத எந்திரம் சரிந்தது. 20 பேர் பலியானார்கள். அவர்களில் இருவர் தமிழர்கள்.

அடுத்த மாதமே, ஆகஸ்டு 23-ந் தேதி, மிசோரம் மாநிலம் சாய்ராங் அருகே ரயில் பால வேலையில் இரும்புச் சட்டங்கள் சரிந்து பலர் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்காளத்தின் மால்டா மாவட்டத்துக்காரர்கள்.

2025 செப்டம்பர் 30-ந் தேதி, எண்ணூர் அனல் மின்நிலையக் கட்டுமானத்தில் இரும்புச் சாரம் விழுந்து 9 பேர் மாண்டார்கள். அவர்கள் அசாமிலிருந்து வந்தவர்கள். தமிழன் பம்பாய்ப் பக்கம் வந்து சாகிறான். அசாம்காரன் எண்ணூரில் சாகிறான்.

பெல்ட் மட்டும் போதாது

கட்டி முடித்த பாலத்தில் எல்லா போல்ட்டுகளும் முறுக்கப்பட்டு, குறுக்குச் சட்டங்கள் பாரத்தைப் பகிர்ந்து கொள்கின்றன. பாதி வேலையிலோ முழுப் பாரமும் தற்காலிகத் தாங்கல்களின் மேல் நிற்கிறது. அங்கே ஒரு பிடி நழுவினாலும் மொத்தமும் சரியலாம்.

தனி ஆள் கால் தவறினால் பாதுகாப்பு பெல்ட் காப்பாற்றும். பெல்ட்டை மாட்டிய சாரமே விழுந்தால், பெல்ட் போட்டவரும் அதனோடுதான் விழுவார். எனவே, "பெல்ட் கொடுத்து விட்டோம்" என்று காண்டிராக்டர் கை கழுவ முடியாது. தாங்கல்களைப் பொறியாளர் சோதித்த பிறகே ஆட்களை ஏற்ற வேண்டும். இரும்புக் கட்டுமானங்களை நிறுத்தும் வேலைக்கென்று பாதுகாப்பு விதிகளை இந்தியத் தர நிர்ணய நிறுவனம் 1974-லேயே வகுத்து விட்டது. விதிக்குப் பஞ்சமில்லை, வேலையை முடிக்கும் அவசரத்தில் அதை யார் பார்க்கிறார்கள் என்பதே கேள்வி.

நிவாரணம் வேறு, உரிமை வேறு

சகாப்பூர் விபத்தில் இறந்தவர் குடும்பங்களுக்கு மராட்டிய அரசு தலா 5 லட்சம் ரூபாயும், மத்திய அரசு தலா 2 லட்சமும் அறிவித்தன. அது அரசின் உதவி. முதலாளி தர வேண்டிய சட்டப்படியான இழப்பீடு தனி. அதைக் கேட்க, இறந்தவர் அங்கே வேலை பார்த்தார் என்று நிரூபிக்க வேண்டும். காண்டிராக்டர், துணைக் காண்டிராக்டர், மேஸ்திரி என்று கை மாறி வந்த ஆளுக்கு அதுவே பெரும்பாடு.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, ஒவ்வொரு தொழிலாளிக்கும் நியமனக் கடிதம் தர வேண்டும் என்கிறது. உயிருக்கு உடனடி ஆபத்து என்று தோன்றினால் முதலாளியிடமும் ஆய்வாளரிடமும் சொல்லத் தொழிலாளிக்கு உரிமை தருகிறது. விதி மீறலால் சாவு நேர்ந்தால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கலாம்.

ஆனால் தினக்கூலிக்காரர் வாயைத் திறந்தால் மறுநாள் வேலை இராது. அந்தப் பயம் போகாதவரை இவை ஏட்டுச் சுரைக்காயே. அதைப் போக்க வேண்டியது ஆய்வாளர்களும் தொழிற்சங்கங்களும்தான். தொழிலாளி தம் பங்குக்கு நியமனக் கடிதத்தைக் கேட்டு வாங்கி, அதன் நகல் ஒன்றை ஊரில் உள்ள குடும்பத்தாரிடம் கொடுத்து வைப்பது நல்லது.